அழித்துக்கொண்ட ஆண்டு

சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும் வேலையை ஜெசிந்தா கல்லூரி முதல்வரிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

விருந்தினர் டாக்டர் குணாளன், உப்புத் தண்ணீரில் விளையும் நெல்லைக் கண்டுபிடித்தவர். அதே ஆண்டில், தன் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜெசிந்தாவை விதைத் திருடி என்று பழி சுமத்தித் துரத்தியவரும் அவர்தான். விசாரணையில் அந்தப் பழி பொய் என்று குட்டு உடைந்ததும் மறதிச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த ஆண்டையே அழித்துக்கொண்டார். அந்த ஆண்டில் அவர் செய்த எதையும் இனி யாரும் வெளியே சொல்லக்கூடாது. பாடப்புத்தகத்தில்கூட அது எதுவும் இல்லை. ஆனால் நெல்லை மட்டும் மேடைக்கு மேடை யாராவது நைசாகச் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக ஜெசிந்தா அதைக் கேட்டுக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தாள்.

மைக்கைப் பிடித்தாள்.

"டாக்டர் குணாளன் அவர்கள் காரைக்குடியில் பிறந்தார்கள். பள்ளியில் வாலிபால் விளையாடினார்கள். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார்கள். இப்போது உரையாற்றுவார்கள்."

ஒரு கைதட்டல் இல்லை. "யாருடா இந்த ஆளு?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டது மேடைவரை கேட்டது.

குணாளன் எழுந்து வந்து பல்லைக் கடித்தார். "நெல்லச் சொல்லும்மா!"

ஜெசிந்தா மைக்கை அணைத்தாள். பொன்னாடைத் தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"அந்த வருஷத்தத் திறக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க சார். நெல்லயும் சொல்றேன், என்னத் திருடியாக்குன கதயயும் சொல்றேன்."

முன்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த குணாளன் பேனாவுக்குக் கை நீட்டினார்.

ஜெசிந்தா அணைத்த மைக்கை மறுபடியும் ஆன் செய்தாள்.