பொய் ஈ பார்த்த மீன்

மீன்களை ஏமாற்றச் சேவல் இறகையும் பட்டு நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈ அது. வசந்தம் பிறந்து பனி கரைந்ததும், தூண்டில்காரர் அதை முதன்முதலாக மலையாற்றில் வீசினார். பெரிய மீனாகப் பிடித்துப் பேர் வாங்கிவிட வேண்டுமென்று ஈக்கு ஒரே துடிப்பு.

அது தண்ணீரைத் தொட்டதுமே ஆழத்திலிருந்து ட்ரவுட் மீன் ஒன்று எழும்பி வந்தது. உடம்பெங்கும் செம்புள்ளிகள். வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் தணலாகக் கனன்றது. இப்படியொரு அழகு உயிரோடு நடமாடும் என்று ஈ நினைத்ததே இல்லை. மீன் வாயைத் திறந்தது.

"கிட்டே வராதே! என் வயிற்றில் முள் இருக்கிறது!" என்று ஈ தன்னை மறந்து கத்திவிட்டது.

மீன் திகைத்து நின்றது. "இப்படிச் சொல்லிவிட்டாயே, இனி உன் பிழைப்பு என்னாவது?"

"அது கிடக்கட்டும். ஒரு தரம் திரும்பிக் காட்டிவிட்டுப் போயேன்."

மீன் நிதானமாகத் திரும்பியது. ஆறு முழுக்க ஒரு கணம் பற்றி எரிந்த மாதிரி இருந்தது. பிறகு அது ஆழத்துக்குள் போய்விட்டது.

தூண்டில்காரர் சலித்துக்கொண்டே ஈயைக் கழற்றித் தன் தொப்பியில் குத்திவைத்தார். அங்கே இறகு உதிர்ந்த பழைய பொய் ஈ ஒன்று இருந்தது.

"மீன் வந்ததா?" என்று அது கேட்டது.

"வந்தது."

"பிடித்தாயா?"

"இல்லை," என்றது ஈ. "பார்த்தேன்."