மீசை முளைத்த மூடி

விடுமுறைக் காலையில் காரின் என்ஜின் பாகம் ஒன்றைக் கழற்றி, முற்றத்தில் அமர்ந்து மெருகேற்றுவது அவருடைய வழக்கம். இன்று பலகைமேல் என்ஜினின் மேல்மூடி இருக்கிறது. நெஞ்சுவலியில் துவண்ட தம்மை அந்தக் காரில் மருத்துவமனை சேர்த்த மனைவிக்காக, அவளுக்குப் பிடித்த சிவப்பைப் பூசியிருக்கிறார். மாலையில் அவள் ஊரிலிருந்து திரும்புகிறாள். ஈரம் காயாத பூச்சில், அவளுடைய தம்பி துடைத்த துண்டின் நூலிழைகள் ஒட்டிக்கொண்டு வெயிலில் சிலிர்க்கின்றன. "தூசின்னு துடைச்சேன் அத்தான்." "தூங்கினவன் மூக்குல ஈ விரட்டக் கல்லைத் தூக்கிப் போட்ட கரடி நீ! பாரு, மூடிக்கு மீசை முளைச்சிருக்கு." சிரிக்க உயிர் மிஞ்சியதே போதும் என்பதுபோல் சிரிக்கிறார். மைத்துனன் சிரிக்கவில்லை. பூச்சைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து, மண்டியிட்டு, உலோகம் வெள்ளியாய்த் தெரியும்வரை சிவப்பை வழித்தெடுக்கிறான். பிறகு தூரிகையைக் கழுவி அவரிடம் நீட்டுகிறான். "பூசுங்க அத்தான். காயிற வரைக்கும் நான் கிட்ட வந்து மூச்சுகூட விடமாட்டேன்."