நிமலனுக்கு அன்புடன்

புத்தகக் கண்காட்சியில், முன்னாள் சிப்பாய் தாமோதரன் தன் போர் நினைவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் தாண்டிப் போய்ச் செய்த சண்டை. அதைப் பற்றிப் பேசினால் ஊரில் இன்றைக்கும் கைகலப்பாகும்.

வயதான பெண்மணி ஒருத்தி புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா போடணும்?"

"என்ர மகன்ர பேருக்கு. நிமலன் எண்டு போடுங்கோ."

'நிமலனுக்கு அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"மகன் கூட வரலையாம்மா?"

"அவன் இதுக்குள்ளதான் இருக்கிறான். கிணத்தடியில நீங்கள் சுட்டதா எழுதியிருக்கிற பெடியன். பேர்தான் நீங்கள் எழுதேல்ல."

அவர் பதறி, 'அன்புடன்' என்பதை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார்.

"வெட்டாதேங்கோ."

அவள் புத்தகத்தை இழுத்துக்கொண்டு, மை காயும்வரை மெல்ல ஊதினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் தன் புத்தகத்தை விரித்து நீட்டினார்.