புதைப்பதா, பிடுங்குவதா

கு பெய்ரான் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். தினைக் கஞ்சி குடித்தான், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். நிலவறைக்கு இறங்கி வெப்பமானியைப் பார்த்தான். பதினான்கு டிகிரி. நோட்டில் எழுதினான். மனைவி ஷாவ் லிங் இறந்து மூன்று மாதம் ஆகிறது. இதில் எதுவும் ஒரு நாளும் மாறவில்லை.

நிலவறையில் எண்ணூறு பாட்டில் சிவப்பு ஒயின் இருந்தது. எல்லாம் சீனாவின் நிங்ஷியா, யுன்னான், சின்ஜியாங் மலைச்சரிவுகளில் விளைந்தவை. பிரெஞ்சு ஒயின் ஒன்றுகூடக் கிடையாது. விலையைப் பார்த்துக் குடிப்பவர்களுக்குத்தான் பிரான்ஸ் என்பான்.

யின்சுவான் நகரத்து ஒயின் சங்கத்தில் அவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர். சங்க இதழில் அவன் எழுதுவதுதான் தீர்ப்பு.

அவன் அதிகம் ஏளனம் செய்தது மனைவியைத்தான். அவள் ஒயினில் எலுமிச்சை சோடா கலந்து குடிப்பாள். "நாக்கா அது, செருப்புத் தோலா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்பான். நிலவறையைத் துடைப்பது அவள் வேலை. போலி ஒயின்காரர்கள் கையில் சிக்காதபடி காலி பாட்டில்களைச் சுத்தியலால் உடைப்பதும் அவள் வேலைதான். அவள் பதில் பேசியதில்லை.

ஒன்பது மணிக்கு லுவோ ஜின்ஹே வந்தாள். ஹெலான் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்கு ஒயின் தயாரிப்பவள். ஐம்பது வயது. காலணியில் மண் ஒட்டியிருந்தது. கூடவே தோட்டத்து மேலாளர் ஃபூ.

"வாங்க லுவோ அக்கா. காலங்காத்தாலயே தாகமா?"

"தாகம் இல்ல வாத்தியாரே. இந்த வாரம் கொடியைப் புதைக்கணும்."

குளிர் இறங்குவதற்கு முன் திராட்சைக் கொடிகளைப் படுக்கவைத்து மண் மூட வேண்டும். மூடாத கொடி வசந்தம் பார்க்காது.

"பழைய பாத்திய மட்டும் புதைக்க வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு. அதுக்குக் குடுக்கற கூலி தண்டமாம்," என்றான் ஃபூ. "உங்க கட்டுரைய ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்காரு. 'இந்தத் தோட்டத்து முதல் வருஷ ஒயின் பத்து வருஷம்கூடத் தாங்கல, செத்துப்போச்சு'ன்னு எழுதினீங்களே, அதான். கொடி பிடுங்கற வண்டி தோட்டத்துல வந்து நிக்குது."

லுவோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அந்தக் கொடி எல்லாம் நான் கையால நட்டது. முதல் வருஷ ஒயினை முதலாளி அப்பவே வித்துட்டாரு. எங்கிட்ட ஒரு சொட்டு இல்ல. மிச்சம் இருக்கறது உங்ககிட்டதான்."

"அதுக்கு?"

"ஒண்ணு திறங்க. நானே குடிச்சுப் பாக்கறேன். நல்லா இருந்தா புதைக்கறோம். இல்லன்னா பிடுங்கட்டும். முதலாளி ஒத்துக்கிட்டாரு."

"நான் எழுதினது பத்தாதா?"

"எனக்கு ஒரு மடக்கு வேணும்."

பெய்ரான் நிலவறைக்கு இறங்கினான். நேரம் எடுத்துக்கொண்டான். திரும்பி வந்தபோது கையில் பாட்டில் இல்லை. ஒயின் கண்ணாடிக் குடுவையில் இருந்தது.

"பாட்டிலை எங்க முன்னாடி திறப்பீங்கன்னு நெனச்சேன்."

"அடியில வண்டல். கீழயே வடிகட்டிட்டேன். கார்க் பொடிஞ்சு விழுந்துச்சு. உங்க முதலாளி வாங்கின கார்க் ஊறுகா ஜாடிக்குக்கூட ஆகாது."

லுவோ கோப்பையைச் சுழற்றினாள். வெகுநேரம் முகர்ந்தாள். குடித்தாள்.

ஃபூ ஒரே மூச்சில் காலி செய்தான். "நல்லாத்தான் ஏறுது."

"உனக்கு மண்ணெண்ணெய் குடுத்தாலும் ஏறும்," என்றான் பெய்ரான்.

லுவோ இன்னொரு வாய் குடித்தாள். "இது என் ஒயினா?"

"பெத்தவளுக்கே அடையாளம் தெரியல பாருங்க. இதத்தான் நான் ரெண்டு பக்கம் எழுதினேன்."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். அதைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "வாசனையே இல்ல. இதுக்காகவா இத்தனை வருஷம் மண்ணுல கெடந்தேன்?"

பெய்ரான் துணியால் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே துடைத்த கோப்பை.

"ஃபூ, பிடுங்கச் சொல்லிடு," என்றாள் லுவோ.

ஃபூ ஜன்னல் பக்கம் போய் ஃபோனில் பேசினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஆரம்பிச்சுட்டாங்க அக்கா."

"ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு. சாப்பிட்டுப் போங்க," என்றான் பெய்ரான்.

"எறங்காது." வாசலில் நின்று காலணியை மாட்டினாள். "ஷாவ் லிங் சாவுக்கு வர முடியல. நல்ல பொண்ணு. ஒவ்வொரு அறுவடைக்கும் வந்து எனக்குக் கூடை தூக்குவா. கடைசியா 'ஒயினைப் பத்திரமா பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாளாமே. சங்க இதழ்ல போட்டிருந்தீங்க."

"ஆமா. அதான் சொன்னா."

கார் தெருமுனையில் திரும்பியது. பெய்ரான் கதவைச் சாத்தினான். குடுவையில் மிச்சம் இருந்ததைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

மருத்துவமனையில், பத்தாவது மாடியில், மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு ஷாவ் லிங் கடைசியாகச் சொன்னது இதழில் வந்தது அல்ல.

"லுவோ அக்காவோட அந்தப் பழைய ஒயின் மொத்தத்தையும் நான்தான் குடிச்சேன். செத்துப்போச்சுன்னு நீ எழுதினது, காலி பாட்டில்ல நான் ரொப்பி வச்ச கடைச் சரக்கத்தான். அவங்களோடது அவ்வளவு நல்லா இருந்துச்சு, அவங்ககிட்ட சொல்லிடு."