பின்னால் நின்ற இரண்டு கிளாஸ்கள்

பத்து வருடங்களாக டீக்கடை பெஞ்சில் காலிக் கிளாஸ்களைக் கால்பந்து ஆட்டக்காரர்களாக அடுக்கி, பின்னால் நிற்கும் இரண்டை முன்னே தள்ளி, "நம்ம டீம் இப்படி ஏறி ஆடணும்லே" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பங்கிராஸ். நாங்கள் யாரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. "அப்போ பின்னால யாருலே நிப்பான், உங்கப்பனா?" என்று சிரிப்போம். இந்த வருடம் வந்த புதுக் கோச்சும் அவருடைய உதவியாளர்களும் முதல் ஆட்டத்திலேயே அதைத்தான் செய்தார்கள். நான்கு கோல் போட்டு ஜெயித்தோம். மறுநாள் அதே பெஞ்சில் எங்களில் ஒருவனான சிப்ரியான் அதே கிளாஸ்களை முன்னே தள்ளி பங்கிராஸுக்கே விளக்கினான். "என்னா மூளைலே அந்த மனுசனுக்கு! நம்மள்ல ஒருத்தனுக்காவது இது தோணிச்சா?" பங்கிராஸ் இரண்டு கிளாஸ்களையும் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தான். "பின்னால யாருலே நிப்பான்?" என்றான். இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஆளில்லாத அந்தப் பின்பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாக ஓடிவந்து எங்கள் வலைக்குள் பந்தை அடித்தான். தோற்றுவிட்டோம். கேலரி முழுவதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் அணியின் மஞ்சள் பனியனோடு பங்கிராஸ் மட்டும் ஜெயித்தவனைப் போல இரண்டு கைகளையும் உயரத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தூக்கிய கைகளை எப்படி இறக்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை.