பெரிய டர்போ

இன்ஜினை ட்யூன் செய்த பிறகு மகுடேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன கார்தான், ஆனால் இப்போது மிதித்ததும் பாய்ந்தது. ஆனாலும் கொஞ்ச தூரத்திலேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. "கம்பெனி டர்போ இன்ஜினுக்குள்ள இதுக்கு மேல காத்துத் தள்ளாதுங்க," என்றார் மெக்கானிக் அந்தோணி. பெரிய டர்போ மாட்டினார்கள். அதற்குத் தோதாகக் குழாய்களும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் மாறின. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பட்டறையிலேயே போயின. மனைவி தமயந்தி ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதையும் கேட்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

வண்டி தயாரான மாலையில் அவளை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போனான். மிதித்ததும் டர்போ விசிலடிக்க, இருக்கை முதுகைத் தள்ளியது.

"எப்படி இருக்குது?"

"நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

அவள் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாளே தவிர, இந்தக் காரை அவன் அவளிடம் கொடுத்ததே இல்லை. சிரித்துக்கொண்டே இடம் மாறினான்.

முதலில் வண்டி திணறி நின்றது. மறுபடி கிளப்பினாள். கியர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, விசில் ஏறிக்கொண்டே போனது, லாரிகள் பின்னால் ஒதுங்கின.

"போதும். பாலத்துக்கிட்ட திருப்பிரு, வீட்டுக்குப் போலாம்."

பாலம் வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"தமயந்தி, திருப்பம் போயிருச்சு."

"பாத்தனுங்க," என்றாள், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. டேங்க் நிறைய பெட்ரோல் இருப்பது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.