பழம் விடு, நைனா

மைத்துனர்கள் தேசப்பனும் ஜெகநாதனும் ஒரே கழியில் கல் கட்டித் திருத்தணி மலைக்குச் சுமப்பவர்கள். பேச்சு மட்டும் கிடையாது; ‘பாவா’ என்று மைத்துனன் முறை சொல்லிக் கூப்பிடுவதுகூட நின்றுபோயிருந்தது. கல்யாணப் பந்தியில் தேசப்பன் பரிமாறிய அப்பளம் உடைந்திருந்ததாம்! அது நொறுங்கிய சத்தம் அரக்கோணம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டது. ஜெர்மன் யுத்தமே ஓய்ந்துவிட்டது, அப்பள யுத்தம் ஓயவில்லை.

அன்று தேசப்பனின் மகள் ரஞ்சிதம் அவனை ஜெகநாதன் வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டாள்.

“காலையில ஷாஜாதிகூட சண்டை போட்டுக் காய் விட்டேன். மத்தியானமே ரெண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுட்டேன். நீயும் மாமாவுக்குப் பழம் விடு, நைனா.”

“பெரியவன் அவன்தானே? மொதல்ல அவன் நீட்டட்டும்.”

“மாமா நீட்டமாட்டாரு, நைனா.”

“பாத்தியா திமிரை! வீடு தேடி வந்து நின்னுகினு இருக்கேன், கண்ணைத் தெறந்து பாக்கறானா?”

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

ரஞ்சிதம் கோடித் துணியை விலக்கினாள். சேர்த்துக் கட்டியிருந்த கட்டைவிரல்களுக்குப் பக்கத்தில், விறைத்துப்போன இரண்டு விரல்களை மெல்ல நிமிர்த்தினாள்.

“மாமா விட்டுட்டாரு, நைனா.”

தேசப்பன் தன் விரல்களை அவற்றின்மேல் வைத்து அலறினான்.

“நீதான் மொதல்ல விட்டே, பாவா!”